பதின்மூன்றுக்கு அடுத்த எண்

மார்ச் 28, 2019

முகத்தைக் கவிழ்த்துப் படுத்திருக்கிறேன். நான் சொல்லச் சொல்லச் சின்னவள் போனில் தட்டுகிறாள். வலக்கண்ணுக்குள் அறுவைச் சிகிச்சையில் விட்ட வாயுக் குமிழி. அது கரையும்வரை விமானம் ஏறக் கூடாது என்று மணிக்கட்டில் ஒரு பட்டி கட்டிவிட்டிருக்கிறார்கள். நான் எங்கே விமானம் ஏறப் போகிறேன்? மேஜிக் கார்டு விளையாட்டின் 'வார் ஆஃப் த ஸ்பார்க்' தொகுப்புக்கான நாவல் ஏப்ரல் 23ஆம் தேதி வருகிறது. அதற்குள் வாசிக்க முடியுமா என்று மட்டும்தான் டாக்டரிடம் கேட்டேன். ஆளுக்கு ஆள் மாறும் என்றார்.

மார்ச் 30

போலாஸ் தோற்கப் போகிறான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. என்ன விலை கொடுத்துத் தோற்கடிப்பார்கள் என்பதுதான் கேள்வி. 1994இல் வந்த லெஜண்ட்ஸ் கார்டுத் தொகுப்பில் மூத்த டிராகன்கள் ஐந்து. அதில் ஒருவன் நிக்கோல் போலாஸ். மற்ற நான்கு பேரும் பெயரளவில் நின்றுவிட, இவன் ஒருவன் மட்டும் வளர்ந்து வளர்ந்து இந்த மேஜிக் விளையாட்டின் மொத்தக் கதைக்கும் எதிரியாகிவிட்டான். 25 வருடப் பகை. அதை முடிப்பதற்கு ஒரு தொகுப்பு, ஒரு நாவல்.

லெஸ்டர் நண்பரோடு இரவு வெகுநேரம் இதைத்தான் கதைத்தேன். போலாஸை எதிர்த்து நிற்பவர்களில் ஜேஸ், கிடியன் இருவரும் உண்டு. அவர் ஜேஸ் சாவான் என்கிறார். ஜேஸ் சாகமாட்டான்.

ஏப்ரல் 2

சின்னவள் ட்ரெய்லரைப் போட்டுவிட்டுக் காட்சி காட்சியாக எனக்குச் சொன்னாள். ராவ்னிகா நகரத்துத் தெருக்கள். நீலக் கனிமம் பூசிய பிணப்படை. அதை நடத்துகிறவள் லிலியானா. "பெரியம்மா, இவ ஏன் அழுறா?" என்று கேட்டாள். பதில் சொல்ல வெளிக்கிட்டால் அண்ணனைக் காப்பாற்றப் போய் அவனையே நடைப்பிணமாக்கிய நாளிலிருந்து தொடங்க வேண்டும். தொடங்கினேன். அவளுக்கு வீட்டுப்பாடம் இருந்தது, பாதியில் எழும்பிப் போய்விட்டாள்.

முக்கியமானது இதுதான்: லிலியானா போலாஸின் சொல்லை மீறுகிறாள். மீறியதும் உடம்பில் எழுதிய ஒப்பந்தம் அவளை எரிக்கத் தொடங்குகிறது.

ஏப்ரல் 3

இரவு முழுக்கக் கிடியன்.

ஏப்ரல் 5

இதை ஒழுங்காகப் பதிந்து வைக்க வேண்டும். நாவல் வந்த பிறகு இதை நான் முதலே சொன்னேன் என்று யாரிடமும் காட்டுவதற்கு அல்ல, இப்போது என் மனதில் இருக்கும் வடிவம் அப்போது அழிந்துபோகும் என்பதற்காக.

லிலியானா இளமைக்காக நான்கு பேய்களிடம் தன்னை விற்றவள். கொதோஃபெட், கிரிசெல்பிராண்ட், ரஸாகெத், பெல்சென்லாக். நான்கு பேரையும் கொன்று முடித்த பிறகுதான் ஒப்பந்தம் போலாஸின் கைக்குப் போனது அவளுக்குத் தெரிகிறது. 2018இல் டோமினேரியா கதையின் கடைசியில் நண்பர்களை விட்டு அவனிடம் போகிறாள். அதை வாசித்த அன்று நான் சாப்பிடவில்லை. ஆக, அவள் மீறினால் செத்தாக வேண்டும். இதுதான் விதி, இதை எழுத்தாளர் இடையில் மாற்றினால் அது ஏமாற்று.

இனிக் கிடியன். தேரோஸ் உலகத்து அக்ரோஸ் நகரத்துப் பையன். எதுவும் துளைக்காத தோல். சூரிய தேவன் ஹீலியட் கொடுத்த ஈட்டியை, கேட்டதற்கு மேலே போய், பாதாளத் தேவன் எரெபோஸ் மீதே எறிந்தான். எரெபோஸ் அதைத் தட்டிவிட்டான். கூட நின்ற நண்பர்கள் நால்வரும் அதில் செத்தார்கள், இவனுக்கு ஒரு கீறலும் இல்லை. அன்றிலிருந்து இந்த மனிதன் ஒவ்வொரு கதையிலும் மற்றவர்களுக்கு முன்னால் போய் நிற்பதையே வேலையாக வைத்திருக்கிறான். ஒன்றும் ஆகாத உடம்போடு முன்னால் நிற்பது வீரமா என்று அவனே தன்னைக் கேட்டுக்கொண்டிருப்பான், எனக்கு அது எப்போதும் கேட்கும்.

இப்போது இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். ஒருத்தி எரிந்து சாக வேண்டும். ஒருவனுக்கு எதுவும் ஆகாத தோல். அவன் தன் தோலை அவளுக்குக் கொடுத்து, அவளுடைய தீயைத் தான் வாங்கிக்கொண்டால்? விதி மீறப்படாது. அவன் வாழ்நாள் கேள்விக்கும் ஒரு பதில் கிடைக்கும்.

லெஸ்டர் நண்பர் ஒரு நிமிடம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்படி நடந்தால் நான் தாங்கமாட்டேன்" என்றார். நானும் தாங்கமாட்டேன். ஆனால் வேறு எது நடந்தாலும் அது கிடியனுக்குக் குறைவு.

ஏப்ரல் 6

கழுத்து வலி. சொட்டு மருந்து. வேறொன்றும் இல்லை.

ஏப்ரல் 9

இப்போது நிமிர்ந்து உட்காரலாம். கண்ணுக்குள் ஒரு கோடு தெரிகிறது, தலையை அசைத்தால் ரசமட்டத்தில் இருக்கும் நீர்போல அதுவும் ஆடுகிறது. கோட்டுக்கு மேலே கொஞ்சம் வெளிச்சம், கீழே மங்கல். குமிழி சுருங்கச் சுருங்கக் கோடு கீழே இறங்குமாம். இடக்கண் சிறுவயதிலிருந்தே உதவாது, ஆள் நிற்பது தெரியும், எழுத்துத் தெரியாது.

சின்னவளுக்கு எண் கணக்குச் சொல்லிக்கொடுத்தேன், பிடித்துக்கொண்டாள். கார்டின் அடியில் இடப்பக்கம் பொடி எழுத்தில் ஓர் எண் இருக்கும். இந்தத் தொகுப்பில் 264. நிறவாரியாகப் பிரித்து, ஒவ்வொரு நிறத்துக்குள்ளும் ஆங்கில அகரவரிசையில் அடுக்குவார்கள். அதனால் இரண்டு கார்டுகளுக்கு நடுவே எண் விட்டுப்போயிருந்தால், அங்கே வரவேண்டிய பெயர் எந்த எழுத்தில் தொடங்கும் என்று ஓரளவு பிடித்துவிடலாம். கொப்பியில் கட்டம் போட்டு நிரப்புகிறாள். வெள்ளையில் கிடியன் 13. பதினான்கு இன்னும் எங்கள் கைக்கு வரவில்லை. ஜீ எழுத்தாக இருக்கும், இல்லையென்றால் அதற்கு அடுத்தது.

ஜீ என்றால் அது அவனுடைய கார்டுதான்.

ஏப்ரல் 12

உலகம் விட்டு உலகம் தாண்டும் பிளேன்ஸ்வாக்கர்கள் 36 பேர். ஒரே தொகுப்பில் இத்தனை பேர் வந்ததே கிடையாது. இதுவரை அநேகமாகப் பெரும் அரிதான கார்டுகளாகவே வந்தவர்கள், இந்த முறை 20 பேர் அன்காமன், எளிதாகக் கிடைக்கும் ரகம். பூஸ்டர் பாக்கெட்டுக்கு ஒருவர் நிச்சயம். கதைக்கு இது நல்லது என்று நான் நம்புகிறேன். உலகம் உலகமாக ஆட்களை ஓரிடத்துக்கு இழுத்து வந்து பூட்டிவைத்து, உலகம் தாண்ட வைக்கும் அவர்களுடைய 'ஸ்பார்க்' என்ற உள்பொறியைப் பறிப்பதுதான் போலாஸின் திட்டம், அப்படியென்றால் கூட்டம் இருந்தே ஆக வேண்டும். பாக்கெட்டை உடைக்கிறவன் கையிலேயே அந்தக் கூட்டம் வந்து விழுகிறது. இதைத் திட்டமிட்டவர்களுக்கு ஒரு கும்பிடு.

ஆனால் இன்று எழுத வந்தது வேறு. 36 பேரில் ஒருத்திக்குப் பெயரே இல்லை. 'த வாண்டரர்', அவ்வளவுதான். வெள்ளை உடை, அகலத் தொப்பி, கையில் வாள். முகம் தெரியவில்லை. சின்னவளைத் திரும்பத் திரும்பப் பார்க்கச் சொன்னேன்: வாய் தெரிகிறதா, முடி என்ன நிறம், வாளை எந்தக் கையில் பிடித்திருக்கிறாள்.

எல்ஸ்பெத்தாக இருக்குமோ?

2014இல் ஹீலியட் அவளைக் கொன்றான். அவனுக்காகவே போரிட்டு வென்று வந்தவளை, பொறாமையில், அவளுடைய ஆயுதத்தாலேயே. அவளுடைய மேலங்கியைத்தான் அவள் நண்பன் அஜானி இன்றுவரை தோளில் போட்டுக்கொண்டு திரிகிறான். அவனும் இந்தத் தொகுப்பில் இருக்கிறான். இருவரும் ஒரே தெருவில் எதிரெதிரே வந்தால் என்ன செய்வான்?

லெஸ்டர் நண்பர் இல்லை என்கிறார். முகத்தை மூடியிருப்பதே ஆளைத் தேட வைப்பதற்கு, விடை அதுவல்ல என்கிறார். எனக்குக் கோபம் வந்தது.

ஏப்ரல் 14

வருசப் பிறப்பு. தங்கை கோயிலுக்குப் போய் மருத்துநீர் வாங்கி வந்தாள். தலைக்கு வைக்கக் கூடாது, கண்ணில் படும் என்று கையில் தொட்டு மட்டும் விட்டாள். கோடு பாதிக்குக் கீழே இறங்கிவிட்டது.

ஏப்ரல் 17

என் கண்ணால் ஒரு கார்டு பார்த்தேன்.

ஜப்பானியப் பதிப்பில் 36 பேருக்கும் தனி ஓவியங்கள் போட்டிருக்கிறார்கள். லிலியானாவை வரைந்தவர் யோஷிடாக்கா அமானோ. போனைக் கோட்டுக்கு மேலே தூக்கிப் பிடித்து, மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுவந்து, பெரிதாக்கி, ஒரு மூலையிலிருந்து பார்த்துக்கொண்டே வந்தேன். மயிரிழைக் கோடுகள். முகத்தில் கோபம் இல்லை, வெற்றி இல்லை. ஏற்கெனவே எங்கோ போய்விட்ட ஒருத்தியின் முகம். எத்தனையோ பேர் வரைந்த லிலியானாக்களை நான் பார்த்திருக்கிறேன், எல்லாவற்றிலும் அவள் பார்க்கிறவரை வெல்ல நினைப்பாள். இதில் அப்படி இல்லை. இந்த ஓவியர் முடிவை வாசித்துவிட்டு வரைந்தாரோ?

அரை மணி நேரத்தில் கண் சிவந்து, தங்கை போனைப் பறித்துவிட்டாள்.

ஏப்ரல் 20

பதினான்கு வந்துவிட்டது. 'கிடியன்ஸ் சாக்ரிஃபைஸ்.' கிடியனின் தியாகம்.

சின்னவள் மெதுவாக வாசித்தாள். உன்னுடைய ஒருவரைத் தேர்ந்துகொள். இந்தச் சுற்றில் உனக்கும் உன் பக்கத்தில் உள்ள எல்லாவற்றுக்கும் வரவேண்டிய அடி முழுவதும் அவருக்கே போகும். வாசித்து முடித்துவிட்டு, "நீங்க சொன்ன மாதிரியேதான் பெரியம்மா" என்றாள், சந்தோஷமாக. நான் அழுவேன் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

ஒரு காமன் கார்டு. யார் வேண்டுமானாலும் பாக்கெட்டில் எடுத்து மேசையில் விட்டுவிட்டுப் போகும் கார்டு. நாவலுக்கு மூன்று நாள் இருக்கும்போது சாவைக் கார்டு சொல்லிவிடுகிறது. இந்த அடுக்கு எனக்குப் பிடிக்கவில்லை. கார்டு ஒரு கணத்தைக் காட்டலாம், அந்தக் கணத்துக்கு முன்னும் பின்னும் நமக்கு விட்டுவைக்கலாம், நாங்கள் இத்தனை நாள் விளையாடிய விளையாட்டே அந்த இடத்தில்தானே இருக்கிறது. ஆனால் முடிவையே பெயராக வைத்து அச்சடித்துவிட்டு, பிறகு 300 பக்கத்துக்கு மேல் வாசி என்றால், வாசிக்கிறவள் கதவுக்கு வெளியே நின்று கேட்பவளாகிவிடுகிறாள். புத்தகத்தை முதலில் விட்டிருக்கலாம். ஒரு மாதம் முன்னால்.

இன்னும் ஒன்று. கார்டில் தேர்ந்தெடுப்பது ஆடுபவர். கதையில் தேர்ந்தெடுப்பது அவனாக இருக்க வேண்டும். அவனாகத்தான் இருக்க வேண்டும்.

ஏப்ரல் 21

கொழும்பு. நீர்கொழும்பு. மட்டக்களப்பு. குண்டுகள். காலையிலிருந்து போன். எங்கள் ஆட்கள் எல்லோரும் பேசிவிட்டார்கள். மற்றவர்களின் ஆட்கள்.

ஏப்ரல் 23

புத்தகம் போனில் இறங்கிவிட்டது. திறக்கவில்லை.

ஏப்ரல் 25

எழுத்தை ஆகப் பெரிதாக்கி வைத்தால் ஒரு திரைக்கு ஐந்து வரி. கோடு இப்போது அடியில் ஒரு சிறு உருண்டையாகிவிட்டது, தலை குனிந்தால் நடுவே வந்து நிற்கிறது. நான் கொஞ்சம், சின்னவள் கொஞ்சம்.

பெரியவர்களிடமிருந்து தொடங்குவார் என்று நினைத்தேன். நாவலை எழுதிய கிரெக் வைஸ்மன் அப்படிச் செய்யவில்லை. தேயோ என்ற பையனிடம் தொடங்குகிறார், எங்கிருந்தோ வந்து இந்த நகரத்தில் விழுந்தவன், ஒன்றும் தெரியாதவன். கூட ராட் என்று ஒரு பெண். அவளை அநேகமாக யாருக்கும் தெரியாது, பக்கத்தில் நின்றாலும் பார்வையில் படமாட்டாள். இவ்வளவு பெரிய போரில், கார்டே இல்லாத ஒரு பெண்ணை நடுவில் நிறுத்தியிருக்கிறார். இவளை எந்த எண் கணக்கும் எங்களுக்குச் சொல்லியிருக்காது. சின்னவள் இனி ராட் வரும் இடங்களைத் தான்தான் வாசிப்பேன் என்கிறாள். சரி.

இன்னொரு பிளேன்ஸ்வாக்கர் டாக் ஃபெய்டன் செத்துவிட்டான். அவனுக்கு ஒரு முழுப் பக்கமாவது கொடுத்திருக்கலாம்.

ஏப்ரல் 26

லண்டன் எக்ஸெல் மண்டபத்தில் மேஜிக் விளையாட்டின் பெரிய போட்டி, மிதிக் சாம்பியன்ஷிப், இன்று தொடங்குகிறது. ஈஸ்ட் ஹாமிலிருந்து எட்டிப்பிடிக்கும் தூரம். கூட்டத்தில் யாராவது இடித்துவிட்டால் என்று தங்கை விடவில்லை. இந்தப் போட்டியில் புது மல்லிகன் விதியைப் பரீட்சித்துப் பார்க்கிறார்கள்: கை பிடிக்கவில்லை என்றால் மறுபடியும் ஏழு கார்டு முழுதாக எடு, பிறகு எத்தனை முறை மாற்றினாயோ அத்தனையைக் கட்டுக்கு அடியில் வை. நியாயமான விதி. வெறுங்கையோடு தோற்பதை யாரும் விரும்பிப் பார்ப்பதில்லை.

ஏப்ரல் 27

வாசித்தாயிற்று.

அவனேதான் தேர்ந்தெடுத்தான்.

ஏப்ரல் 28

லெஸ்டர் நண்பர் காலையில் எடுத்து, "சரி, இனி என்ன?" என்றார். போலாஸ் இல்லை. கிடியன் இல்லை. லிலியானா உயிரோடு இருக்கிறாள், அவனுடைய உயிரை வைத்துக்கொண்டு எங்கே போவாள்? அவளை நண்பர்கள் தேடுவார்களா, தேடினால் கொல்லவா, கூட்டிவரவா? இதற்கு எனக்கு இன்னும் வடிவம் கிடைக்கவில்லை.

ஆனால் விடியற்காலை படுத்திருக்கும்போது வேறொன்று தோன்றியது, அவரிடம் இன்னும் சொல்லவில்லை. தேரோஸில் செத்தவர்கள் பாதாளத்துக்குப் போவார்கள். அங்கிருந்து தப்பித் திரும்பி வருகிறவர்களும் உண்டு, 2013இல் வந்த தேரோஸ் தொகுப்பிலேயே அவர்கள் இருக்கிறார்கள். திரும்பி வரும்போது முகத்தை இழந்துவிடுவார்கள், பெயரும் நினைவும் போய்விடும், தங்க முகமூடி போட்டுக்கொண்டு திரிவார்கள். முகம் இல்லை, பெயர் இல்லை. வாண்டரர்! எல்ஸ்பெத் செத்தது தேரோஸில். கிடியன் செத்தது ராவ்னிகாவில், ஆனால் பிறந்தது தேரோஸில், ஆக அவனுடைய ஆன்மா எந்தக் கணக்கில் எங்கே போகும் என்பதற்கு எரெபோஸின் பழைய கார்டுகளில் ஏதாவது இருக்கிறதா என்று சின்னவள் எழும்பியதும் பெட்டியை இறக்கச் சொல்ல வேண்டும், மேல்தட்டில் இடப்பக்கம்