புட்டிப்பாலில் வளரும் ஆட்டுக்குட்டி: உறைவும் செரிமானமும் குறித்துச் செய்து பார்த்தவை

மூன்று குட்டிகள் ஈன்ற ஆட்டின் மடியில் இரண்டுக்கே பால் போதியதாக இருந்ததால், இளைத்திருந்த ஒன்றைப் புட்டிப்பாலில் வளர்க்க நேர்ந்தது. சீம்பாலை மட்டும் மூன்றும் தாயிடமே குடித்தன. புரதத்தைச் செரிக்கும் டிரிப்சின் என்னும் நொதியை அடக்கும் ஒரு பொருள் அதில் உள்ளது. அது, நோய் எதிர்ப்புப் புரதங்கள் செரித்துச் சிதைவதைக் குறைத்து, அவை முதல் நாளில் குடல் வழியே இரத்தத்தில் சேர உதவுகிறது.

அதன்பின் எந்தப் பாலைக் கொடுப்பது என்பதே கேள்வி. பால்குடிக் குட்டியின் நான்காம் வயிற்றில் சுரக்கும் கைமோசின் என்னும் நொதி பாலை உறைய வைக்கிறது. உறைந்த கட்டி மெல்லக் கரைவதால் புரதமும் கொழுப்பும் சிறிது சிறிதாகவே குடலுக்கு இறங்குகின்றன. பாலாடைக்கட்டி செய்யப் பயன்படும் ரென்னெட்டில் இருப்பதும் இந்த நொதிதான் என்பதால், ஆட்டின் உடல்வெப்பத்தை ஒட்டி 39 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் சில குவளைகளை வைத்து, ஒவ்வொன்றிலும் சில துளி ரென்னெட்டை விட்டுப் பார்த்தேன். கறந்த பால் கத்தியால் கீறும் அளவுக்கு உறைந்தது. 63 டிகிரியில் அரை மணி நேரம் சூடாக்கியது ஏறத்தாழ அதே உறுதியுடன் நின்றது. கொதிக்கக் காய்ச்சியது குழகுழவென்றுதான் இருந்தது. கொதிநிலையில் பாலின் மற்றப் புரதங்கள், உறையும் புரதமான கேசீன்மீது ஒட்டிக்கொண்டு நொதியின் வேலையைத் தடுப்பதே காரணம். கேசீன் நீங்கிய பால்தெளிவிலிருந்து செய்யப்பட்ட மாற்றுத்தூளின் கரைசலோ உறையவே இல்லை. குவளையும் வயிறும் ஒன்றல்ல, அத்தகைய தூளிலும் குட்டிகள் வளர்கின்றன. ஆயினும் 63 டிகிரி பாலையே தேர்ந்தேன்.

வாளியில் ஊற்றாமல் ரப்பர் காம்பில் கொடுத்ததற்கும் காரணம் உண்டு: சப்பும்போது, பாலை முதல் வயிற்றில் விழாமல் கடத்தும் மடிப்பான உணவுக்குழாய்ப் பள்ளம் நன்கு மூடிக்கொண்டு பால் நேரே நான்காம் வயிற்றை அடைகிறது, கொழுப்பைச் செரிக்கத் தொடங்கும் நொதி கொண்ட உமிழ்நீரும் மிகுதியாக ஊறுகிறது. பாலில் சர்க்கரை கலக்கும் யோசனையை ஒதுக்கினேன். குட்டியின் குடலில் பாலின் இயல்பான சர்க்கரையைப் பிளக்கும் லாக்டேஸ் நொதி நிறைந்திருந்தாலும், நாம் கலக்கும் சர்க்கரையைப் பிளக்கும் சுக்ரேஸ் அசைபோடும் விலங்குகளில் இல்லை. செரிக்காத சர்க்கரை கழிச்சலில்தான் முடியும்.

இரண்டாம் வாரத்திலிருந்து காய்ந்த புல்லும் சிறிது அடர்தீவனமும் எட்டும் இடத்தில் இருந்தன. தீவனம் முதல் வயிற்றில் புளித்து உண்டாகும் பியூட்டிரிக் அமிலம் அதன் உட்சுவர் முளைகளை வளர்க்கிறது. மாவுச்சத்தைச் செரிக்கும் கணைய நொதியான அமிலேஸ் இளமையில் குறைவு என்பதால் அடர்தீவனத்தை மெதுவாகவே கூட்டினேன். இடைவெளி விட்டுப் பால் பெற்ற புட்டிக்குட்டி தாயிடம் இருந்தவற்றைவிட முன்னதாகப் புல்லுக்குப் போயிற்று. அதன் சாணமும் முன்னதாக உருண்டைப் புழுக்கையாயிற்று. மூன்றே குட்டிகளை வைத்துக்கொண்டு இதற்கு ஊட்டும் முறை மட்டுமே காரணம் எனச் சொல்ல மாட்டேன்.

பால் குறையக் குறையக் கைமோசின் தணிந்து, புரதங்களைப் பொதுவாகச் செரிக்கும் பெப்சின் நொதி மேலோங்கும் என்பதால், இப்போது 8 வாரக் குட்டிக்குப் பாலை ஒரேயடியாக நிறுத்தாமல், இரண்டு வேளையாக்கி அளவையும் குறைத்து வருகிறேன்.