குனியோஷியோட பனி ராத்திரி: வானம் ஒருவழியா படிஞ்சிருச்சு!

சூஷிங்குரான்னு எஜமானுக்காகப் பழிவாங்குன சாமுராய்ங்களப் பத்தி ஒரு ஜப்பான் நாடகம், அதோட பதினோராவது அங்கத்த வச்சு ஜப்பான் மரக்கட்டை அச்சு ஓவியர் குனியோஷி 1830கள் தொடக்கத்துல போட்ட ராத்திரி தாக்குதல் படம், அத மரக்கட்டைல செதுக்கி அச்சு எடுத்துட்டு இருக்கேன்ல, அதுல வானத்தோட பொகாஷி, அதாவது கலர் படிப்படியா கரையுற வேலை, இன்னிக்கு அம்சமா வந்துருச்சு. மேல நல்ல இருட்டு, கீழ வர வர கரைஞ்சு நிலா பக்கம் வெறும் பேப்பர். செம சந்தோஷம்.

இத்தன நாளா உயிர வாங்குனது கலர் முடியுற எடத்துல விழுற அந்தக் கோடுதான். பசை கூட்டி பாத்தாச்சு, கொறச்சா புள்ளி புள்ளியா எள்ளு தூவுன மாதிரி வருது. கடைசில விஷயம் பிரஷ்லதான் இருந்துச்சு. முடி நுனிய சுறாத்தோல்ல நல்லா தேய்ச்சு பஞ்சு மாதிரி பிளக்க விட்டேன், அப்புறம் பிரஷோட ஒரு ஓரத்துல மட்டும் மை, மறு ஓரம் வெறும் ஈரம், கட்டைய ஈரத்துணியால ஒரு தொடை, பக்கவாட்டுல மட்டும் இழுக்கணும், மேல கீழ போகவே கூடாது. ஃபேன் ஓடுனா கட்டை காஞ்சு அந்தக் கோடு திரும்ப வந்துரும், அதனால வேர்த்து ஊத்துனாலும் ஆஃப்தான். மொதல்ல அகலமா வெளிர் நீலம், அது மேல ஒடுக்கமா கருப்பு, ஒரே தடவைல இருட்டு வரவழைக்க முடியாது.

வானத்துக்கு ஏன் இவ்ளோ மெனக்கெடல்னா படமே அதுலதான் நிக்குது. படத்துக்குப் பின்னாடி உள்ள நெஜக் கதை இதுதான்: 1701ல அசானோங்குற பிரபு எடோ (இப்ப டோக்கியோ) கோட்டைக்குள்ள கிராங்குற அதிகாரிய வெட்டப் போயி அன்னிக்கே செப்புக்கு (வயித்தக் கிழிச்சுக்கிட்டு சாகுறது) பண்ணிக்கிட்டாரு, அவரோட ஆளுங்க கிட்டத்தட்ட ரெண்டு வருஷம் காத்திருந்து 1703 ஜனவரில கிரா வீட்டுக்குள்ள எறங்குறாங்க. குனியோஷி சண்டைய வரையல! மதில்ல ஏணி, நாய் கொலைக்காம இருக்க தீனி, பனியில விழுற ஆளுங்களோட நெழல், அவ்ளோதான், ஒரு சொட்டு ரத்தம் இல்ல. அந்தப் பனிக்கு மையே கெடையாது, பேப்பரேதான், வானம் இருண்டாத்தான் அது வெள்ளையா தெரியும்.

நெழல் கட்டை இன்னும் பாக்கி. சுமிங்குற கருப்பு மைய தண்ணியா கரைச்சு சாம்பல் கலர் வைக்கலாம்னு இருக்கேன், சுத்தி உள்ள எடத்த ஆழமா தோண்டலன்னா பாரன் (பேப்பர் முதுகுல தேய்க்குற வட்டத் தட்டு) அழுத்தி பனி மேல கறை ஆயிரும்.

இதுக்கு நடுவுல செர்ரி பலகை வேற தேடுறேன். இப்ப இருக்குற ஷினா (ஒரு மென்மையான ஜப்பான் மரம்) பிளைவுட் வானத்துக்கு ஓகே, மெல்லிசு கோட்டுக்கு ஓரம் பிஞ்சுருது. பலகை கெடச்சா அடுத்தது குனியோஷியோட 1847-48 சேய்ச்சூ கிஷி டென் வரிசைல, அதே சாமுராய்ங்கள ஒவ்வொருத்தரா தனித்தனிப் படமா போட்டதுல, ஒருத்தர், அந்த கருப்பு வெள்ளை வளைவில்லாத முக்கோணப் பல்லு போட்ட மேலங்கி எனக்கு செதுக்கியே ஆகணும். நல்லா காஞ்ச செர்ரி, சின்ன அளவுல வெட்டிக் குடுக்குற எடம் தெரிஞ்சா சொல்லுங்க, கேட்ட கடைல முழு பலகையா எடுத்தாத்தான் தருவேங்குறாங்க.