புது மடு தேடி

வைகையில வழக்கமா தூண்டி போடுற இடத்துல இப்ப பூரா ஆகாயத்தாமரைதான் கெடக்கு, அதான் இன்னைக்கு விடியக்காலையிலயே மாப்ளயும் நானும் பைக்க எடுத்துட்டு சோழவந்தான் தாண்டி பேரணை பக்கம் மேல போய் பாத்தோம். நாணலுக்கு நடுவுல ஒரு மடு, தண்ணி அசையாம நிக்குது, அப்பப்ப பொளக்குனு ஒரு சத்தம்... விரால் மூச்சு வாங்க மேல வருதுய்யா!! மண்புழுவ ஓரமா வச்சிட்டு ரப்பர் தவளைய மாட்டி வீசுனேன், நாலாவது வீச்சுல அடிச்சுச்சு பாருங்க ஒரு அடி, தூண்டி நரம்பு அறுந்து தவளையும் போச்சு. 250 ரூவா! இன்னொரு விரால் செவப்பு குஞ்சுக் கூட்டத்தோட திரிஞ்சுச்சு, அதுக்கு போடல, காவலுக்கு நிக்கிற மீன பிடிச்சா குஞ்சு பூரா மத்த மீனுக்கு எரைதான. கடைசில மண்புழுவுல வந்தது ரெண்டு ஜிலேபி மீனு. மாப்ள இன்னும் சிரிச்சுட்டு இருக்கான். எந்த மடுன்னு இன்பாக்ஸ்ல வந்து கேக்காதீங்கப்பா, சொல்ல மாட்டேன்.