முதலில் உயர்ந்தது கொடி

"கால் கோட்டில் பட்டதா?" என்று கேட்டான். "பட்டது" என்றேன். எங்களுக்குள் நடந்த பேச்சு அவ்வளவுதான். மூன்று விநாடி இருக்குமா? அதற்குப் பிறகு எத்தனையோ சனிக்கிழமைகள் கொடி பிடித்துவிட்டேன். அந்தப் பதில் மட்டும் இன்னும் தொண்டையில் நிற்கிறது.

கேட்டவனுக்குப் பதினாறு வயது. மேற்குச் சிட்னியில் சிறுவர் ரக்பி லீக் ஆட்டங்களுக்கு ஊதல் ஊதுபவர்களில் பலர் பள்ளிப் பிள்ளைகள்தான். என்னைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவான். யாழ்ப்பாணத்தில் வளர்ந்த காதுக்கு அது பழக இரண்டு பருவங்கள் ஆயின. ஆனால் மைதானத்துக்குள் இறங்கிவிட்டால் அவன்தான் எனக்கு மேலே. ஊதல், கைக்கடிகாரம், பூவா தலையா போட ஒரு நாணயம், புள்ளிகளைக் குறிக்கச் சிறு அட்டையும் பென்சிலும் அவனிடம். நான் கோட்டு நடுவர்; என்னிடம் ஒரு கொடி. (மஞ்சள் அட்டை எங்கே என்று ஊரிலிருந்து வந்த மைத்துனர் கேட்டார். அதெல்லாம் இங்கிலாந்தில். இங்கே நடுவர் பத்து விரல்களையும் விரித்து உயர்த்தினால் பத்து நிமிடம் வெளியே உட்கார வேண்டியதுதான்.)

கொடிதானே என்று நினைத்துவிடக் கூடாது. களத்தில் நடந்தது இன்னதுதான் என்று முடிவு செய்யும் உரிமையை விதிப்புத்தகம் நடுவருக்கே தருகிறது. ஒன்றை மட்டும் அவரிடமிருந்து எடுத்துக் கோட்டு நடுவரிடம் கொடுக்கிறது: பந்தோ, பந்தை வைத்திருப்பவரோ பக்கக் கோட்டைத் தொட்டாரா என்பது. தொட்டால் வெளியே; என் கொடி உயரும். பந்து முன்னால் எறியப்பட்டது என்று நான் சொன்னால் அவன் கேட்கலாம், கேட்காமலும் விடலாம். கோடு என்னுடையது. அந்த "பட்டது" என்ற சொல்லைச் சந்தேகிக்க அவனுக்கு வழியே இல்லை.

16-14. கடைசி நிமிடங்கள். பின்தங்கியிருந்த அணியின் ஓரத்து ஆட்டக்காரன் மூலையை நோக்கிப் பாய்ந்தான். உடம்பு முழுவதும் கோட்டுக்கு வெளியே காற்றில் மிதந்தாலும் பரவாயில்லை. உடம்பு கோட்டிலோ வெளியே தரையிலோ படாமல் பந்தை உள்ளே பதித்துவிட்டால் அது ட்ரை, 4 புள்ளி. பந்தைப் பதித்தான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. மூலைக் கம்பம் சாய்ந்தது. பார்த்தால் என் கொடி உயர்ந்திருந்தது.

இங்கேதான் சிக்கல். நான் இந்த ஆட்டத்தைத் தொலைக்காட்சி பார்த்துப் பழகிய காலத்தில் மூலைக் கம்பத்தில் பட்டாலே வெளியேதான். அந்த விதி மாறிப் பல வருடங்களாகின்றன. மாறியது எனக்குத் தெரியும்; தேர்விலும் சரியாக எழுதியிருக்கிறேன். என் கைக்குத் தெரியுமா என்பதுதான் கேள்வி. அது காலைப் பார்த்து உயர்ந்ததா, கம்பத்தைப் பார்த்து உயர்ந்ததா?

காலைப் பார்த்துத்தான் என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பூட்ஸ் நுனி உரசிக் கோட்டின் வெள்ளைத் தூள் பறந்தது கண்ணில் நிற்கிறது. பிறகு ஒருநாள் சமையலறையில் நின்றுகொண்டிருந்தபோது ஞாபகம் வந்தது: அன்று காலை மழை. ஈரப் புல்லில் தூள் எங்கே பறக்கும்?

அவன் கேட்ட விதமும் ஒரு காரணம். "என்ன பார்த்தீர்கள்?" என்று கேட்டிருந்தால் கம்பம் என்ற சொல் என் வாயில் வந்திருக்கும், வந்த உடனே தவறு எனக்கே உறைத்திருக்கும். அவன் காரணத்தையும் சேர்த்தே கையில் கொடுத்தான், நான் வாங்கிக்கொண்டேன். இப்படிப் பதினாறு வயதுப் பையன் தலையில் பழியைப் போடுவது எனக்கே பிடிக்கவில்லை. ஆனால் "தெரியவில்லை" என்று சொல்லியிருந்தால் மட்டும் அவனுக்கு என்ன நன்மை? உயர்த்திய கொடியை இறக்கிக்கொண்டு, நீயே பார்த்துக்கொள் என்று இரண்டு அணிக்கும் நடுவில் அவனை விட்டுவிட்டுப் போவதா? உறுதியாகச் சொல்வதும் எங்கள் வேலையில் பாதி என்றுதான் பயிற்சியில் சொன்னார்கள். எதை உறுதியாக என்று நான் அப்போது கேட்கவில்லை.

திட்டெல்லாம் அவனுக்குத்தான் விழுந்தது. வேலியோரம் பார்வையாளர்களுக்குக் கையெட்டும் தூரத்தில் நான் நின்றேன். அவர்களோ என்னைத் தாண்டி, நடுவில் நின்ற அவனைப் பார்த்துக் கத்தினார்கள். ஊதல் இருப்பவனைத்தான் ஆட்களுக்குத் தெரிகிறது. அவன் முகம் சிவந்ததே தவிர வாய் திறக்கவில்லை. ஆட்டம் முடிந்து கொடிகளைச் சுருட்டும்போது, "நீங்கள் பக்கத்திலேயே இருந்தது நல்லதாகப் போயிற்று" என்றான். அதற்கும் தலையாட்டினேன்.

தேசிய ரக்பி லீக் ஆட்டங்களுக்கு 2016 முதல் சிட்னியில் திரைகள் நிறைந்த தனி அறையே இருக்கிறது; அங்கே உட்கார்ந்து முன்னும் பின்னும் ஓட்டிப் பார்க்கிறார்கள். பார்த்த பிறகும் திங்கட்கிழமை வரை சண்டை ஓய்வதில்லை என்பது எனக்கு ஓர் ஆறுதல். எங்கள் மைதானத்தில் அப்படி எதுவும் இல்லை என்று எழுதத்தான் நினைத்தேன். அது முழு உண்மை அல்ல. கார் நிறுத்துமிடத்தில் ஒரு தகப்பன் கைப்பேசியை நீட்டினார். சண்டைக்கு வரவில்லை, மிகவும் மரியாதையாகத்தான் நீட்டினார். படத்தில் மூலைக் கம்பம் தெரிந்தது, இன்னும் சாயாமல். "எங்களுக்கு அனுமதி இல்லை" என்று சொல்லிக் கார்க் கதவைத் திறந்தேன்.

அப்படி ஒரு தடை எந்த விதியிலும் இல்லை.