பால்கனில மூணு மண் தொட்டி வச்ச கதை

2022 ஏப்ரல் கடைசில பெருங்குடி குப்பைக் கிடங்கு தீப்பிடிச்சு எரிஞ்சது சென்னைக்காரங்களுக்கு ஞாபகம் இருக்கும். எங்க வீடு வேளச்சேரி. ஜன்னல் எல்லாம் சாத்தியும் புகை உள்ள வந்துச்சு, அத்தைக்கு ஏற்கனவே வீசிங், ராத்திரி முழுக்க படுக்க முடியாம உக்காந்தே இருந்தாங்க. அவங்க முதுகைத் தடவிக்கிட்டு இருந்தப்பதான் மனசுல பட்டுச்சு, அங்க எரியறதுல நான் தினமும் கட்டிப் போட்ட கவரும் இருக்குமேன்னு.

மத்ததை அப்புறம் பாப்போம், சமையல்கட்டுக் குப்பையாவது வீட்டைத் தாண்டக்கூடாது, இங்கயே மக்க வச்சு உரமாக்கிடணும்னு முடிவு பண்ணி, பக்கவாட்டுல ஓட்டை போட்ட மண் தொட்டி மூணு வாங்கி பால்கனில வச்சோம். காய்கறித் தோல், டீத்தூள், முட்டை ஓடு எல்லாம் போட்டு மேல கொஞ்சம் தென்னைநார்த்தூள் தூவி, மக்க ஆரம்பிக்க புளிச்ச மோர் ஊத்தினேன்.

பத்தே நாள்ல நாத்தம். மேல் வீட்டு அக்கா கீழ இறங்கி வந்து "என்னம்மா எலி ஏதும் செத்துக் கிடக்கா"ன்னு கேட்டாங்க. திறந்து பாத்தா அடியில தண்ணி தேங்கி, நெளிய நெளிய புழு. வீட்டுக்காரர் எல்லாத்தையும் கொட்டிடலாம்னாரு. எனக்கு மனசு வரல. யோசிச்சுப் பாத்தா தப்பு நான் போட்டதுலதான், மிச்சமான சாம்பார் சாதத்தையும் உள்ள கொட்டியிருந்தேன், நார்த்தூள் ஒரு கைப்பிடிக்கு மேல போடல. ஈரம் அதிகமாகி காத்து போகலன்னா அழுகும், மக்காது. தெருக் கூட்டுற அம்மாகிட்ட கேட்டு ஒரு சாக்கு காஞ்ச இலை வாங்கினேன், அவங்களுக்கும் தூக்கிட்டுப் போற பாரம் குறைஞ்சுது. ஒரு பங்கு குப்பைக்கு அதே அளவு இலை, ரெண்டு நாளைக்கு ஒருதடவை குச்சியால கிளறல், சமைச்சது எதுவும் கிடையாது. ஒரு வாரத்துல நாத்தம் போயிடுச்சு. அந்தப் புழுவும் கெடுதல் இல்ல, அது ஒரு கறுப்பு ஈயோட புழு, அந்த ஈ வீட்டு ஈ மாதிரி நம்ம சாப்பாட்டுல வந்து மொய்க்காது, புழு குப்பைய சீக்கிரம் தின்னு தீக்கும். கையை மேல வச்சா உள்ள கதகதன்னு சூடு தெரியும், அது தெரிஞ்சா வேலை நடக்குதுன்னு அர்த்தம்.

ஆனா நான் முக்கியமா சொல்ல வந்தது வேற. தொட்டில போடறதுக்கு முன்னாடி என்ன போடறோம்னு பாக்க வேண்டியிருந்துச்சுல்ல, ஒரு வாரம் தராசுல எடை போட்டு நோட்டுல எழுதினேன். ஆறரைக் கிலோ. அதுல ரெண்டு கிலோ கிட்ட தோலே இல்ல, ஃப்ரிட்ஜ்ல கிடந்து அழுகின முழுக் கத்தரிக்கா, கொத்தமல்லிக் கட்டு, மேல வெள்ளை பூத்த தக்காளி. கோயம்பேட்டுல சீப்பா இருக்குன்னு மாசம் ரெண்டு தடவை பை பையா வாங்கிட்டு வந்துட்டு காசு மிச்சம்னு சந்தோஷப்பட்டுட்டு இருந்திருக்கேன். கவருல கட்டி வீசினவரைக்கும் இது கண்ணுல படவே இல்ல!

அதுலேர்ந்து தெருவுல வர்ற வண்டிக்கார அண்ணன்கிட்ட ரெண்டு நாளைக்கு வேண்டியது மட்டும்தான் வாங்கறேன். கிலோவுக்கு அஞ்சு பத்து கூடத்தான், ஆனாலும் மாசக் காய்கறிச் செலவு மூவாயிரத்துலேர்ந்து 2,200க்கு வந்துடுச்சு. மாவுக்கு தூக்கு எடுத்துட்டுப் போறேன். பால் கவரை முனை துண்டா விழாத மாதிரி கீறித் திறந்து, கழுவி காயவச்சு பழைய பேப்பர் கடைல போடறோம். துண்டாயிட்டா அந்தக் குட்டி முக்கோணம் சிங்க் வழியா சாக்கடைக்குத்தான் போகும். இன்னும் முடியாதது சிப்ஸ் கவர், ஷாம்பு பாக்கெட், அதைக் கடைக்காரர் எடுக்க மாட்டேங்கறாரு, அதனால வாங்கறதையே குறைக்கறோம்.

முதல் தொட்டி உரம் ஆக ரெண்டரை மாசம் ஆச்சு. சலிச்சு அள்ளினப்ப மழை விழுந்த மண்ணு வாசனை. அத்தை அதை ரோஜாச் செடிக்குப் போட்டாங்க, மேல் வீட்டு அக்காவும் ஒரு டப்பா கேட்டு வாங்கிட்டுப் போனாங்க.

ஆரம்பிக்கப் போறவங்க வெயில் காலத்துலயே ஆரம்பிச்சுடுங்க. ஐப்பசி மழைல காஞ்ச இலை கிடைக்காது, அதனால ரெண்டு சாக்கு முன்னாடியே சேத்து வச்சுக்கோங்க, தொட்டி மேல சாரல் அடிக்காம ஒரு தகரமும் வேணும்.