மாற்றுச் சிறுநீரகம் பொருத்தியவருக்குச் சளி பிடித்தால்

ஐப்பசி மழையில் வீட்டில் ஒருவருக்குத் தும்மல் வந்தால் ஒரே வாரத்தில் எல்லோரையும் சுற்றி வந்துவிடும். மற்றவர்கள் மிளகு ரசத்தோடு தேறிவிடுவார்கள். மாற்றுச் சிறுநீரகம் உள்ளவருக்கோ அதே சளி நெஞ்சுக்குள் இறங்கி நிமோனியாவாகும் வாய்ப்பு அதிகம். உடல் புதுச் சிறுநீரகத்தைத் தாக்காமலிருக்க டாக்ரோலிமஸ், மைக்கோஃபீனோலேட், பிரெட்னிசோலோன் ஆகியவை வெள்ளணுக்களின் கையைக் கட்டி வைத்திருக்கின்றன. வைரஸை விரட்ட வேண்டியவையும் அதே அணுக்கள்தான். பிரெட்னிசோலோன் காய்ச்சலையும் அமுக்கிவிடும் என்பதால், உடம்பு சுடவில்லை என்று நிம்மதியாக இருந்துவிடக் கூடாது.

வைரஸைவிடக் கவலை தருவது மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் மாத்திரை. உடம்பு வலிக்கென்று தரும் இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக் எல்லாமே சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் குறைப்பவை. டாக்ரோலிமஸும் அதையேதான் செய்கிறது. இரண்டும் சேர்ந்தால், அதிலும் சரியாகத் தண்ணீர் குடிக்காத நாளில், கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) ரத்தத்தில் ஏறிவிடும். பாராசிட்டமால் போதும். ஆனால் அட்டையின் பின்புறத்தைப் படித்துப் பாருங்கள்: ‘பாராசிட்டமால்’ என்று கேட்டு வாங்கிய மாத்திரையில் அசிக்ளோஃபெனாக்கும் கலந்திருக்கலாம். மூக்கடைப்பு மாத்திரைகளில் உள்ள ஃபீனைலெஃப்ரின் ரத்த அழுத்தத்தை ஏற்றும்.

ஆன்டிபயாடிக்கில் கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசின் இரண்டும் ஆபத்தானவை. டாக்ரோலிமஸை உடைக்கும் கல்லீரல் நொதியை இவை தடுப்பதால் ரத்தத்தில் அதன் அளவு எகிறும். கை நடுங்கும், சிறுநீரகம் அடிபடும். கோவிட் மருந்தோடு வரும் ரிட்டோனாவிர் இதே வேலையை இன்னும் பலமாகச் செய்யும். வயிற்றுப்போக்கு வந்தாலும் அளவு ஏறலாம். அளவு பார்க்க ரத்தம் கொடுக்கும் அன்று, காலை மாத்திரையைப் போடாமல் கையில் எடுத்துச் செல்லுங்கள். இரவு மாத்திரை போட்டுப் பன்னிரண்டு மணி நேரம் ஆன பிறகு எடுத்த ரத்தத்தில்தான் சரியான அளவு தெரியும். பயந்துபோய் மைக்கோஃபீனோலேட்டை நீங்களாகவே நிறுத்தாதீர்கள். குறைப்பதா வேண்டாமா என்பது சிறுநீரக மருத்துவர் முடிவு.

இருமல், தொண்டை வலி தொடங்கிய அன்றே சிறுநீரக மருத்துவரைக் கூப்பிடுங்கள். ஃப்ளூ என்றால் அந்த வைரஸுக்கான மருந்து ஒசெல்டாமிவிரை முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன். வழக்கமாக 75 மி.கி., தினம் இரு வேளை, 5 நாள்; சிறுநீரகம் வேலை செய்யும் அளவுக்கேற்பக் குறைப்பார்கள். 100.4 டிகிரி காய்ச்சல், மூச்சுத் திணறல், ஆக்சிமீட்டரில் 94-க்குக் கீழே, சிறுநீர் குறைதல் – இதில் எது வந்தாலும் நேராக மருத்துவமனைக்குத்தான்.

சிஸ்டிக் ஃபைப்ரோசிஸால் (சளி கெட்டியாகி நுரையீரலை அடைக்கும் பரம்பரை நோய்) நுரையீரல் மாற்றியவர்கள் இன்னும் உஷாராக இருக்க வேண்டும். புது நுரையீரலில் அந்த நோய் கிடையாது. ஆனால் மூக்கைச் சுற்றியுள்ள சைனஸ் பழையதுதான், பழைய பாக்டீரியாவும் அங்கேயே இருக்கும். நரம்புகள் அறுபட்டதால் இருமல் உணர்வும் மங்கியிருக்கும். வைரஸ் வந்துபோன பிறகு நாள்பட்ட நிராகரிப்பு (உடல் புது நுரையீரலை மெல்ல மெல்லத் தாக்குவது) தொடங்கவும் கூடும். வீட்டில் ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமீட்டரில் எஃப்.இ.வி.1 (முதல் ஒரு விநாடியில் வேகமாக ஊதி வெளியேற்றும் காற்றின் அளவு) வழக்கத்தைவிட 10 சதவீதம் இறங்கினால், இருமல் இல்லாவிட்டாலும் அன்றே சொல்லிவிடுங்கள்.

ஃப்ளூ தடுப்பூசி வருடா வருடம், மழைக்கு முன்பே. ஊசியாகப் போடும் செயலிழந்த வகை மட்டும். மூக்கில் அடிக்கும் உயிருள்ள வகை கூடாது. மருந்துகளால் நோயாளிக்கு ஊசியின் பலன் குறைவாகவே கிடைக்கும் என்பதால் வீட்டிலுள்ள எல்லோரும் போட்டுக்கொள்ளுங்கள், முக்கியமாகப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள்.