தலைப்புகளைக் காதால் படியுங்கள்

மாற்றுத்திறனாளிகளும் வலைத்தளங்களைப் பயன்படுத்த முடிவதுதான் வலை அணுகல்தன்மை. அதில் வல்லுநர் சான்றிதழுக்காக ஐஏஏபி என்ற பன்னாட்டு அணுகல்தன்மை வல்லுநர் சங்கம் நடத்தும் தேர்வுக்குப் படித்தபோது, தலைப்புகள் பற்றிய பகுதியை ஒரே மாலையில் முடித்துவிட்டேன். வலைப்பக்கங்களை எழுதும் எச்டிஎம்எல் மொழியில் தலைப்புகளைக் குறிக்க எச்1 முதல் எச்6 வரை ஆறு நிலைகள், அவ்வளவுதானே என்ற எண்ணம். பயிற்சிக் கேள்விகளில் அதிகம் தவறியதும் அந்தப் பகுதியில்தான்.

திரையில் உள்ளதைக் குரலில் படித்துக்காட்டும் என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பானை நிறுவிய பிறகுதான் தெளிவு பிறந்தது. மானிட்டரை அணைத்துவிட்டு, ஒரு கல்லூரியின் சேர்க்கைப் பக்கத்தில் கட்டண விவரத்தைத் தேடினேன். எச் விசையை அழுத்தினால் அடுத்த தலைப்புக்குத் தாவும். முதல் முறை அழுத்தியதும் கல்லூரியின் பெயர் கேட்டது. இரண்டாம் முறை, அடுத்த தலைப்பு இல்லை என்றது குரல். கீழ் அம்புக்குறியை அழுத்தி அழுத்தி வரிவரியாக இறங்க வேண்டியதாயிற்று. பிறகு மானிட்டரைப் போட்டால், ‘கட்டண விவரம்’ பெரிய நீல எழுத்தில் பளிச்சென்று நிற்கிறது! எழுத்தைப் பெரிதாக்கியிருந்தார்களே தவிர, அதைத் தலைப்பு என்று நிரலில் குறிக்கவில்லை. பார்வையற்ற மாணவர் ஒருவர் அங்கே எவ்வளவு நேரம் அலைந்திருப்பார் என்று நினைக்கவே மனம் கனத்தது. வலை அணுகல்தன்மைக்காக இயங்கும் வெப்எய்ம் அமைப்பு நடத்திவரும் கணக்கெடுப்புகளில், நீண்ட பக்கத்தில் தகவல் தேடத் தலைப்புகள் வழியாகத்தான் செல்கிறோம் என்று திரைவாசிப்பான் பயனர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேற்பட்டோர் சொல்கிறார்கள்.

டபிள்யூசிஏஜி என்ற வலை அணுகல்தன்மை வழிகாட்டியின் விதிகளில் என்னைக் குழப்பிய மூன்றையும் அந்தப் பக்கத்தை வைத்தே பிரித்துக்கொண்டேன். கண்ணுக்குத் தலைப்பாகத் தெரிவது நிரலில் தலைப்பாக இல்லையென்றால் 1.3.1 மீறப்படுகிறது, இது ஏ நிலை, அதாவது மூன்று நிலைகளில் அடிப்படையானது. அதே இடத்தில் முறையாக எச்2 போட்டு, ‘பகுதி 2’ என்று மட்டும் எழுதியிருந்தால் 1.3.1 தப்பிவிடும், கீழே என்ன இருக்கிறது என்பதைச் சொல்லாததால் ஏஏ நிலையிலுள்ள 2.4.6 மீறப்படும். தலைப்பே இல்லாத நீண்ட பக்கம்? நான் திரும்பத் திரும்பத் தவறியது இங்கேதான். 2.4.6 தலைப்பு வைக்கச் சொல்லவில்லை. வைத்த தலைப்பு பொருள் விளங்கும்படி இருக்க வேண்டும் என்றே கேட்கிறது. பகுதிகளுக்குத் தலைப்பு வேண்டும் என்பது 2.4.10, அதாவது மிக உயர்ந்த ஏஏஏ நிலை.

எச்2-க்குப் பிறகு நேரே எச்4 வருவது கேட்பவரைக் குழப்பும். தவிர்த்தே ஆக வேண்டும். ஆனால் அது மட்டுமே விதிமீறல் ஆகிவிடாது. ஒவ்வொரு பகுதிக்கும் எச்1 போடலாம், உலாவி நிலையைக் கணக்கிட்டுக்கொள்ளும் என்று பழைய குறிப்புகள் சொன்னால் ஒதுக்கிவிடுங்கள். உலாவிகள் அந்த முறையைத் திரைவாசிப்பான்களுக்குக் கொண்டுசேர்க்கவே இல்லை. 2022-இல் எச்டிஎம்எல் தரநிலையிலிருந்தே நீக்கிவிட்டார்கள்.

நாளுக்கு ஒரு பக்கம் என்று நான் செய்த பயிற்சியை நீங்களும் செய்யுங்கள். என்விடிஏ-வில் இன்சர்ட்டும் எஃப்7-உம் சேர்த்து அழுத்தினால் பக்கத்தின் உறுப்புகள் பட்டியலாக வரும். அதில் தலைப்புகளைத் தேர்ந்தெடுங்கள். மானிட்டர் அணைந்தே இருக்கட்டும். கேட்டதை மட்டும் வைத்து, புத்தகத்தின் பொருளடக்கம்போல ஒரு தாளில் எழுதுங்கள். பிறகு திரையைப் போட்டு ஒப்பிடுங்கள். திரையில் தலைப்பாகத் தெரிந்தும் தாளில் இல்லாத ஒவ்வொன்றுக்கும் 1.3.1 என்று குறியுங்கள். தாளில் இருந்தும் அதன் கீழே என்ன வரும் என்று ஊகிக்க முடியாமல் போனவற்றுக்கு 2.4.6.